நாற்பது நிமிஷம் முந்திய மணிக்கூடு

என் தங்கையின் பிறந்த நேரத்தைப் பிழையாக எழுதவைத்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அது பிழை என்று அன்று மாலையே எனக்குத் தெரியும். அந்த நேரத்தை வைத்துக் கணித்த சாதகக் குறிப்பில் எட்டாம் வீட்டில் செவ்வாய் வந்து விழுந்தது. அதனால் அவளுக்கு வந்த கலியாணங்கள் ஒன்றும் ஒப்பேறவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். அறுபத்திரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்தேன்.

புதன்கிழமைகளில் செயின்ட்-மிஷேலில் பழுதான சாமான்கள் திருத்த என்னோடு ஒரே மேசையில் இருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பழஞ்சாமான் சந்தையில் வாங்கிவரும் கைமணிக்கூடுகளைக் கழற்றிப் பூட்டும்போது, "இதை எங்கை பழகினீங்கள்?" என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். "அப்பா செய்யிறதைப் பாத்து" என்று சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கிறேன். பேச்சை மாற்றியதற்குக் காரணம் இதுதான். ஆட்களின் பெயரைப் போடவில்லை. அது தங்கை வைத்த நிபந்தனை.

தங்கை என்றால் என் சித்தியின் மகள். சித்தி அம்மாவுக்கு நேரே இளையவர்.

அப்பா யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மணிக்கூடு திருத்துவது அவருடைய தொழில் இல்லை, பைத்தியம். வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்டபின் விறாந்தை மேசையில் உட்காருவார். கண்ணில் கறுத்தக் குழல் ஒன்றைச் செருகிக்கொள்வார். அதன் நுனியில் பூதக்கண்ணாடி. கழற்றிய சக்கரங்களை ஒரு சோசரில் பெற்றோல் விட்டுக் கழுவி, வெள்ளைக் கடதாசியில் வரிசையாக வைத்து, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து மூடுவார். தம்ளர் கவிழ்ந்திருக்கும் நேரம் அந்த விறாந்தையில் ஓடக்கூடாது, விசிறக்கூடாது, தும்மல் வந்தால் முற்றத்துக்குப் போகவேண்டும். என்னை அவர் மேசைக்குக் கிட்ட விட்டதே இல்லை. "உன்ர கையில வேர்வை" என்பார். நான் தூண் பக்கத்தில் நின்று பார்த்ததுதான்.

அந்த மேசைக்கு மேலே சுவரில் பெரிய மணிக்கூடு ஒன்று தொங்கியது. யாரோ துரை ஊருக்குப் போனபோது பழுதென்று ஏலத்தில் தள்ளிவிட்டது. அப்பா ஒரு வருஷம் அதோடு மாரடித்து ஓடவைத்தார். அதன்பின் தினமும் இரவு ஏழு மணிக்கு வானொலியில் நேரம் சொல்லும் 'பீப்' ஒலிக்கும்போது மணிக்கூட்டுக்கு முன்னால் நிற்பார். முந்துகிறதா பிந்துகிறதா என்று ஒரு கொப்பியில் எழுதுவார். கொப்பியின் பக்கங்கள் முழுவதும் பூச்சியம். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் தங்கள் மணிக்கூட்டைச் சரிசெய்தார்கள். ரயில் பிடிக்கப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, படலைக்கு மேலால் எட்டி, "ஐயா, எத்தினை மணி?" என்று கேட்பார்கள். அம்மா சொல்லும் நிமிஷத்துக்கு ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

அதே மேசையின் மற்றப் பக்கம் சனி ஞாயிறுகளில் சித்தியின் புருஷனான சித்தப்பாவுக்கு. அவருக்கு வன்னியில் வயல் இருந்தது. பன்றி கலைக்கத் துவக்கு வைத்திருந்தார். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறுங்கோதுகளைப் பையில் கொண்டுவந்து, துடைத்து, மருந்தும் ஈயச் சன்னமும் போட்டுத் திரும்ப நிரப்புவார். கடையில் புதுத் தோட்டா வாங்கலாம். ஆனால் தன் கையால் நிரப்பியது நேராகப் போகும் என்பது அவருடைய நம்பிக்கை. நிரப்பும்போது ஒரு சொல் கதைக்கமாட்டார். முடிந்தபிறகு இரண்டு பங்காகக் கதைப்பார். அவருடைய விரல்களில் எந்நேரமும் வெடி கொளுத்திய மணம். வாய் கிழிந்த கோதுகளை எனக்குத் தருவார். பித்தளை அடியுள்ள ஏழு கோதுகள் என்னிடம் இருந்தன. உதட்டில் வைத்து ஊதினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். அவை எங்கே போயினவோ தெரியாது.

இரண்டு பேருக்கும் ஒரே சண்டை, அப்பாவின் சின்னப் பித்தளைத் தராசு.

"அண்ணை, உந்தத் தராசை ஒருக்காத் தாங்கோ."

"கையைக் கழுவிப்போட்டு எடு. போனமுறை தட்டில உன்ர மருந்துத் தூள் கிடந்தது. ஆரோ ஒராளின்ர மணிக்கூடு வெடிச்சா நானோ பொறுப்பு?"

"வெடிச்சா நேரம் கெதியாப் போகும், அவ்வளவுதானே."

அம்மா குசினி வாசலில் நின்று சொல்லுவார்: "ஒருத்தர் நேரத்தைப் பிடிச்சு வைக்கிறார், மற்றவர் காலனைக் கோதுக்குள்ள அடைக்கிறார். சோத்துக் கோப்பை வைக்க ஒரு சாண் இடம் விடுங்கோ."

நான் சொல்ல வந்த காலம் ஒரு சித்திரை விடுமுறை. சித்திக்கு முதல் பிள்ளை. முதற்பேறு தாய்வீட்டில்தானே. அவர்களுடைய தாய் அப்போது உயிரோடு இல்லாதபடியால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் அந்த வருஷம் புலமைப்பரிசில் சோதனை எடுக்கவேண்டியிருந்தது. விடுமுறை என்றாலும் பின்னேரம் ஐந்து மணிவரை கணக்குக் கொப்பியோடு இருக்கவேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. ஐந்து அடித்ததும் ஓடலாம். கோயில் வெளியில் மற்றப் பெடியள் நாலு மணிக்கே கிளித்தட்டு தொடங்கிவிடுவார்கள். ஐந்துக்குப் போகிறவனை எந்தப் பக்கமும் சேர்க்காது.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மாவும் சித்தியும் பின்னேரம் அறைக்குள் சற்றுச் சரிவார்கள். அந்த நேரம் முக்காலியில் ஏறி, சுவர் மணிக்கூட்டின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பெரிய முள்ளை நாற்பது நிமிஷம் முன்னுக்குத் தள்ளிவிடுவேன். இடையில் மணி அடிக்குமே என்று சுத்தியலுக்கும் வில்லுக்கும் நடுவே என் கைலேஞ்சித் துணியைச் செருகிக்கொள்வேன். நாலு இருபதுக்கே ஐந்து அடிக்கும். நான் பறந்துவிடுவேன்.

"வெயில் இன்னும் சாயேல்லையே" என்று அம்மா ஒருநாள் சொன்னார்.

"சித்திரை வெயில் அப்பிடித்தான் அம்மா" என்றேன்.

திரும்பச் சரிசெய்வதுதான் கெட்டித்தனம். அடிக்கும் மணிக்கூட்டின் முள்ளைப் பின்னுக்குத் திருப்பினால் அடிக்கும் பொறி குழம்பும் என்று அப்பா யாருக்கோ சொன்னதைத் தூணடியில் நின்று கேட்டிருக்கிறேன். ஆகவே விளையாடிவிட்டு வந்ததும் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்துவேன். ஓடாமல் நாற்பது நிமிஷம் நிற்கும். மேசையில் அப்பா திருத்திவைத்த கைமணிக்கூடு ஒன்றைப் பார்த்து, உண்மை நேரம் வந்து அதைப் பிடித்ததும் ஊசலைத் தட்டிவிடுவேன். அப்பா வந்து, கிணற்றடியில் குளித்து, வானொலிக்கு முன்னால் நிற்க ஏழு மணி. கொப்பியில் பூச்சியம். எட்டு நாள் இப்படி ஒப்பேற்றினேன்.

ஒன்பதாம் நாள் நான் கோயில் வெளியில் நின்றபோது தங்கை பிறந்தாள்.

வந்து பார்த்தால் முற்றத்தில் அயல்வீட்டுப் பெண்கள். மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து பிள்ளைப்பேறு பார்க்கும் காலம் அது. எல்லாரும் அவரை மிஸ்ஸி என்போம். கிணற்றடியில் மிஸ்ஸி கை கழுவிக்கொண்டு நின்றார். அம்மாவின் முகம் வியர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"உனக்குத் தங்கச்சி பிறந்திருக்கு. அஞ்சு நாப்பதுக்கு."

நான் சுவரைப் பார்த்தேன். ஊசல் ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து நாற்பது என்றால் உண்மையில் ஐந்து.

மிஸ்ஸி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, "பிள்ளை, என்ர மணிக்கூட்டில அஞ்சுதானே காட்டினது" என்றார்.

"மிஸ்ஸி, உங்கட மணிக்கூடு நாப்பது நிமிசம் பிந்துது. இந்த வீட்டில நிண்டுகொண்டு நேரம் பிழையெண்டு சொல்லாதைங்கோ, அவர் கேட்டா எங்களை எல்லாம் சோசருக்குள்ள போட்டுக் கழுவிப்போடுவார்" என்று அம்மா சிரித்தார்.

அயல்வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். மிஸ்ஸி தன் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கூட்டை நாற்பது நிமிஷம் முன்னுக்குத் திருப்பினார். தன் கொப்பியிலும் ஐந்து நாற்பது என்று எழுதினார். நான் இரண்டு முழத் தூரத்தில் நின்றேன்.

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் நாலு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. எல்லாரும் பிள்ளை பார்க்க உள்ளே போனதும் முக்காலியில் ஏறி ஊசலை நிறுத்தினேன். அறைக்குள் அவள் அழுவது கேட்டது. அப்பா படலை திறக்கும் சத்தம் கேட்டதும் பின்வாசலால் கிணற்றடிக்கு ஓடி, அவருக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். அவர் குளித்து முடிக்கமுன் திரும்ப ஓடிவந்து ஊசலைத் தட்டிவிட்டேன். ஏழு மணிக்குப் 'பீப்' அடித்தது. பூச்சியம்.

அடுத்தநாள் காலை தாயையும் பிள்ளையையும் பார்க்க வந்த மிஸ்ஸி முதலில் அப்பாவிடம்தான் போனார்.

"ஐயா, இந்தச் சனியன் நேற்று நாப்பது நிமிசம் பிந்திச்சுது. உங்கட மணிக்கூட்டைப் பாத்துச் சரியாக்கினன். ராத்திரி ரேடியோவோட பாத்தா நாப்பது நிமிசம் முந்துது."

இதைவிட நல்ல விருந்து அப்பாவுக்குக் கிடைத்ததில்லை. ஒரே நாளில் பிந்தவும் முந்தவும் செய்யும் மணிக்கூடு. மூன்று இரவு அதைக் கழற்றிப் போட்டுத் தேடினார். ஒவ்வொரு சக்கரத்தின் பல்லையும் எண்ணினார். மயிர்போன்ற அந்த வில்லைச் சாமணத்தால் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். நான் தூணடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாத வருத்தத்துக்கு அவர் மருந்து தேடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மகளைப் பார்க்க வந்த சித்தப்பா, "அண்ணை, என்னட்டைத் தாங்கோ, ஒரு தோட்டாவில முடிச்சுவிடுறன்" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது மிஸ்ஸியிடம் சொன்னார்: "இதில ஒரு குற்றமும் இல்லை. ஆனா இனி இதை நம்பாதைங்கோ."

அப்பா கணக்கில் புலி. நாற்பது பிந்தியது, திருத்தியதும் நாற்பது முந்தியது. அப்படியென்றால் திருத்தமுன் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. என் வகுப்பில் படித்த எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லிவிடும். விடை அவருடைய மேசையிலேயே தம்ளருக்குக் கீழ் கிடந்தது. ஆனால் அதைக் காணத் தன் சுவர் மணிக்கூட்டைச் சந்தேகிக்கவேண்டும். அது அவரால் முடியாது. பின்னாளில் நான் இருபது வருஷம் கணிதம் படிப்பித்தேன். கெட்டிக்காரர் பிழைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான், பெருமைப்பட்ட இடத்தில் சரிபார்க்கமாட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்தபின் சாத்திரியார் வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு, "நேரம் சரிதானே?" என்று கேட்டார்.

"என்ர மணிக்கூட்டு நேரம்" என்றார் அப்பா.

"அப்ப சரி. மற்ற ஆக்கள் சொல்லுற நேரத்தை நான் அஞ்சுபத்து முன்பின் தள்ளிப் பாத்துத்தான் எழுதுறனான். உங்கட நேரத்தில கைவைக்கத் தேவையில்லை."

கணித்தார். துலா லக்கினம். சற்றுநேரம் வெற்றிலையை மெல்லாமல் இருந்தார். பிறகு குரலைத் தணித்து, "எட்டில செவ்வாய். பொம்பிளைப் பிள்ளை… பாத்துச் செய்யவேணும்" என்றார். எட்டாம் வீடு பெண்ணுக்கு மாங்கல்ய வீடு. அங்கே செவ்வாய் இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். சித்தி பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டார். எனக்கு விளங்கவில்லை. சித்தியின் முகம் மாறியது மட்டும் விளங்கியது.

விளங்கியது இருபத்துநாலு வயதில். தங்கைக்குப் பதினாலு. ஒருநாள் பஞ்சாங்கத்தை எடுத்து நானே கணக்குப் போட்டேன். அவள் பிறந்த அன்று ஐந்தேகால் வரை கன்னி லக்கினம். ஐந்து மணிக்குப் பிறந்தவளுக்குச் செவ்வாய் ஒன்பதில். குற்றம் இல்லை. நான் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆகவே இது ஒன்றும் பெரிதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குக் கோழைத்தனத்தை மூட நல்ல துணி அகப்படும்.

அவளுக்கு மூன்று சம்பந்தம் வந்தது. முதல் இரண்டும் குறிப்பைப் பார்த்ததும் நின்றுபோயின. மூன்றாவது என்னோடு படிப்பித்த ஒரு வாத்தியார். நல்லவன். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய குறிப்பை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கிழமையால் பதில் கேட்கப் போனேன். படலையில் வைத்தே அவன் தாளைத் திருப்பித் தந்தான். "அம்மா ஓம்படமாட்டன் எண்டுறா. எட்டில செவ்வாய் எண்டு அழுறா. நான் என்ன செய்ய?" என்றான். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். "நேரம் பிழை, நான்தான் மாத்தினது" என்று நாலே சொல். அப்பா அப்போது உயிரோடு இருந்தார், ஊர் முழுக்க அவருடைய நேரத்தை நம்பியது. அதைக் காரணமாக வைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன்.

பிறகு யுத்தம் எங்களை எல்லாம் பிடுங்கி எறிந்த கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் இந்தக் குளிர் நாட்டில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து, இப்போது கர்க்லாண்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். தங்கை தைக்கும் தொழிற்சாலையில் கைதேய்ந்து, செயின்ட்-மிஷேலில் தனியே இருந்தாள். நம் மேசையில் தையல் மெசின் திருத்துகிறவள் அவள்தான். வானொலி திருத்துகிற மட்டக்களப்பு நண்பரோடு ஒரே எண்ணெய்க் குப்பியைப் பங்குபோட்டதை நீங்கள் எல்லாரும் கண்டீர்கள், சிரித்தீர்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியாது.

போன வருஷம் மெட்ரோவுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள்: "அண்ணை, அவர் கேட்டவர்."

"எதைக் கேட்டவர்?"

"என்னத்தைக் கேப்பினம்? எண்ணெயையோ? கலியாணம் செய்வமோ எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"ஏலாது எண்டன். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்கு. எனக்கு எட்டில செவ்வாய். தெரிஞ்சுகொண்டு ஒரு சீவனைக் கொல்லுறதோ?" சிரித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள். "விருப்பமில்லை எண்டு சொல்லேல்லை, பாருங்கோ. ஏலாது எண்டுதான் சொன்னனான்."

அன்று பஸ்ஸில் இருந்து கர்க்லாண்ட் வந்து சேரும்வரை அவளுடைய அந்தக் கடைசி வசனம் என்னோடு வந்தது. பழைய பிழை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் குறிப்புக் கணிக்கும் ஒருவரிடம் போனேன். மாலை ஐந்து மணி என்று சொன்னேன். கொம்பியூட்டரில் அடித்து இரண்டு நிமிஷத்தில் எடுத்துத் தந்தார். அந்த ஞாயிறு காலை அவளுடைய வீட்டுக் குசினியில் தாளை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முக்காலி, கைலேஞ்சி, ஊசல், மிஸ்ஸி. அவள் ஒரு மெசினைத் திறந்து வைத்திருந்தாள். திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"நாப்பது நிமிசம் எண்டு வடிவாத் தெரியுமோ?"

"தெரியும். ஒவ்வொரு நாளும் அவ்வளவுதான் தள்ளுறனான்."

"முதல் வந்த ரெண்டுபேரும் தப்பிப் போனதுக்கு உங்களுக்குக் கோயில் கட்டலாம்" என்றாள். பிறகு கேட்டாள்: "மூண்டாவது ஆளுக்கு என்ன சொல்லுறீங்கள்?"

"அவன்ர படலையில நிண்டு நான் சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லேல்லை?"

"அப்பா இருந்தார்."

"பெரியப்பா செத்து முப்பது வருசம் அண்ணை."

அவள் தாளைத் தொடவில்லை. "போட்டு வாங்கோ" என்றாள். நான் வெளியேறி, மூலையில் பலசரக்கு விற்கும் டெப்பனர் கடை வாசலில் கனநேரம் நின்றேன். சொல்லிவிட்டேன் என்ற ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

ஐந்து புதன்கிழமை அவள் மேசைக்கு வரவில்லை. நீங்கள் கேட்டீர்கள், தடிமன் காய்ச்சல் என்று சொன்னேன். அதுவும் பொய். ஆறாம் புதன் வந்தாள். மட்டக்களப்பு நண்பரை நடைபாதைக்குக் கூப்பிட்டு, என்னையும் கூப்பிட்டாள்.

"அண்ணை உங்களுக்கு ஒரு கதை சொல்லுவார். கேட்டுப்போட்டு, இன்னும் கேக்கிறதெண்டாக் கேளுங்கோ."

சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து நின்று முழுவதும் கேட்டார்.

"நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். எனக்கு எட்டில செவ்வாய் இருந்தா என்ன, ஒம்பதில இருந்தா என்ன" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஆனா புள்ள, நீ பயந்தது எனக்காகவெண்டு இப்பதான் விளங்குது. நான் என்னைப் பிடிக்கல்ல எண்டு நினைச்சிட்டு இருந்தன். சரி, மறுகாலும் கேக்கன். என்ன சொல்றா?"

"ஓம்" என்றாள். என்னைப் பார்த்து, "இதை எழுதி மேசையில எல்லாருக்கும் குடுக்கவேணும். பேர் வேண்டாம். நீங்கள் செய்ததைக் குறைக்காமல் எழுதுங்கோ" என்றாள்.

"மன்னிச்சிட்டியோ?" என்று கேட்டேன்.

"மூண்டாவது ஆளுக்கு இல்லை. மற்றதுக்கு ஓம்."

அது நியாயமான பங்கீடு. ஏற்றுக்கொண்டேன். பதிவுத் திருமணத்துக்கு நான்தான் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். எழுதுவதை மட்டும் எட்டு மாதம் பின்போட்டேன்.

போன கிழமை முற்பகல் பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. "அண்ணை, அவருக்கு நெஞ்சு நோகுதாம். அம்புலன்ஸில போறம்." அவ்வளவுதான். மகன் வேலையில். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க ஒன்றைத்தான் நினைத்தேன். அவர் செத்தால் அவள் பழைய குறிப்பைத்தான் நம்புவாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தது வெறுந்தாளாகிவிடும்.

அவள் நடைவழிக் கதிரையில் இருந்தாள். அவருடைய செருப்பு இரண்டும் மடியில்.

"நெஞ்சுக்குள்ள சின்னக் குழாய் ஒண்டு வைச்சிருக்கினம். ஆள் இருக்கிறார். உப்பில்லாத சூப் கொண்டுவந்து குடுத்த நேர்ஸோட, அது சூப் இல்லை எண்டு சண்டை."

நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன யோசிக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "பழைய குறிப்பெண்டா, இவருக்கு இப்பிடி வந்தது என்னாலதான் எண்டு இண்டைக்கு நானும் செத்திருப்பன். இப்ப எனக்குத் தெரியும், மனுசன் ஒளிச்சு ஒளிச்சுத் திண்ட வாழைக்காய்ப் பொரியலாலதான்."

உள்ளே போனேன். நண்பர் வெளிறிப்போய்க் கிடந்தார், கண்கள் மட்டும் விழிப்பாக இருந்தன. கையால் கிட்டக் கூப்பிட்டு, "அவ இல்லாத நேரமாப் பாத்துக் கீழ கடையில உப்புப் பொட்டலம் ஒண்டு வாங்கி வாங்க, புண்ணியமாப் போகும். அவக்குச் சொல்லவேணாம்" என்றார்.

நான் நேரே நடைவழிக்கு வந்து அவளிடம் சொல்லிவிட்டேன்.